கண்ணுக்குத் தெரியாத வாசற்படி

ஊருக்குப் புறப்படுகிறீர்கள். அங்கே தங்குவதற்கு ஓட்டலில் ஓர் அறை வேண்டும். என்ன செய்வீர்கள்?

முன்பெல்லாம் பஸ்சை விட்டு இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்க வேண்டும். "ரூம் காலி இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். இன்று அந்த அலைச்சல் இல்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே செல்போனை எடுக்கிறோம். ஓட்டலின் இணையதளத்தைத் திறக்கிறோம். அறையின் படத்தைப் பார்க்கிறோம். தேதியைத் தொடுகிறோம். பணத்தைக் கட்டுகிறோம். ஐந்தே நிமிடத்தில் அறை நம்முடையது!

இதே காரியத்தைக் கண் தெரியாத ஒருவர் எப்படிச் செய்வார்?

"அவரால் எப்படி முடியும்? பக்கத்தில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று நினைக்கிறீர்களா?

அது தவறு. கண் தெரியாதவர்கள் இன்று தாங்களே கடிதம் எழுதுகிறார்கள். தாங்களே பத்திரிகை படிக்கிறார்கள். தாங்களே பாங்கிக் கணக்குப் பார்க்கிறார்கள். எல்லாம் செல்போனிலும் கம்ப்யூட்டரிலும்தான்!

ஓட்டல் அறையையும் அவர்கள் தாங்களே எடுத்துவிடுவார்கள். ஆனால் பல ஓட்டல்களின் இணையதளத்தில் ஒரு வாசற்படி இருக்கிறது. உயரமான வாசற்படி. கண் உள்ளவர்களுக்கு அது தெரிவதில்லை. கண் இல்லாதவர்கள் அதில் இடறுகிறார்கள்.

அந்த வாசற்படி எது? அதை எப்படி எடுப்பது? பார்ப்போம்.

காதால் படிக்கிறார்கள்

கண் தெரியாதவர்கள் காதால் படிக்கிறார்கள்! திரையில் உள்ள எழுத்துகளை வாய்விட்டுப் படித்துக் காட்டுவதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. அதற்குத் "திரைவாசிப்பான்" என்று பெயர். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு வரியைப் படிக்கும். மறுபடி அழுத்தினால் அடுத்த வரி. பழகியவர்கள் அதை மிக வேகமாகப் பேசவிட்டுக் கேட்பார்கள். நம் காதுக்கு அது வெறும் இரைச்சல். அவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவு!

இவற்றில் புகழ் பெற்ற ஒன்று "ஜாஸ்". அதை உருவாக்கியவர் டெட் ஹென்டர் என்ற அமெரிக்கர். அவர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978-ம் ஆண்டு நடந்த கார் விபத்தில் கண்களை இழந்தார். ஆனால் மனம் தளரவில்லை. கம்ப்யூட்டர் வேலையைக் கற்றுக்கொண்டார். 1989-ல் "ஜாஸ்" வெளிவந்தது.

இன்னொன்று "என்.வி.டி.ஏ." இதைச் செய்தவர்கள் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற 2 ஆஸ்திரேலியர்கள். இருவருமே கண் தெரியாதவர்கள். கண் தெரியாத குழந்தைகளுக்காக நடந்த இசை முகாமில், சிறு வயதிலேயே நண்பர்கள் ஆனவர்கள். அந்தக் காலத்தில் திரைவாசிப்பானின் விலை மிக அதிகம். "பணம் இல்லாதவன் என்ன செய்வான்?" என்று அவர்கள் யோசித்தார்கள். 2006-ம் ஆண்டு கரன் வேலையைத் தொடங்கினார். அந்த மென்பொருள் அன்று முதல் இன்று வரை இலவசம்!

செல்போனிலும் இந்த வசதி உண்டு. ஆண்ட்ராய்டு போனில் அதன் பெயர் "டாக்பேக்". ஐபோனில் "வாய்ஸ்ஓவர்". இவை தமிழையும் படிக்கும்.

ஆகவே, காதால் படிக்கக் கருவி இருக்கிறது. படிப்பதற்கு அங்கே சொற்கள் இருக்கின்றனவா? அதுதான் கேள்வி.

"படம்... படம்... பட்டன்..."

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

கண் தெரியாத ஆசிரியர் ஒருவர். வெளியூரில் தங்கை மகளுக்குக் கல்யாணம். 2 நாள் தங்க அறை வேண்டும். ஓர் ஓட்டலின் இணையதளத்தைத் திறக்கிறார்.

கண் உள்ளவர்கள் பார்த்தால் சொக்கிப்போவார்கள். நீச்சல் குளம், வெள்ளை வெளேர் என்ற மெத்தை, ஜன்னலுக்கு வெளியே பச்சை மலை! ஆனால் ஆசிரியரின் காதில் விழுவது என்ன?

"படம்... படம்... படம்... பட்டன்..."

ஏன் இப்படி? படத்தோடு சொற்கள் இல்லை. இணையதளம் அமைப்பவர், ஒவ்வொரு படத்தோடும் ஒரு வரி எழுதி வைக்க முடியும். திரையில் அது தெரியாது. ஆனால் திரைவாசிப்பான் அதைப் படிக்கும். "இரட்டைக் கட்டில் போட்ட அறை. ஜன்னல் வழியே மலை தெரிகிறது" என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டுவிட்டார்கள்!

ஆசிரியர் தேதியைக் குறிக்கப் போகிறார். காலண்டர் வருகிறது. அது "மவுஸ்" கொண்டு அழுத்தினால்தான் வேலை செய்யும். கண் தெரியாதவர்கள் மவுசை உபயோகிப்பதில்லை. அம்பு எங்கே நிற்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பொத்தான் பலகையைத்தான் உபயோகிக்கிறார்கள். காலண்டர் அசையவில்லை.

எப்படியோ சமாளித்து அடுத்த பக்கத்துக்குப் போகிறார். "எழுதும் கட்டம்... எழுதும் கட்டம்..." என்கிறது திரைவாசிப்பான். எதில் பெயர் எழுதுவது? எதில் டெலிபோன் நம்பர் எழுதுவது? தெரியவில்லை. தப்பாக எழுதிய கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு வருகிறது. சிவப்புக் கோட்டைக் காதால் கேட்க முடியுமா?

கடைசியாக ஒரு சோதனை. கோணல் மாணலாகச் சில எழுத்துகள். "நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க, இந்தப் படத்தில் உள்ள எழுத்துகளை எழுதவும்" என்கிறது இணையதளம்.

அவர் மனிதர்தான். இணையதளம் நம்ப மறுக்கிறது!

ஆசிரியர் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிறார். செல்போனை அவனிடம் கொடுக்கிறார். பாங்கி அட்டையின் நம்பரைச் சொல்கிறார். வந்த ரகசிய எண்ணையும் சொல்கிறார். பையன் நல்லவன்தான். ஆனாலும், யாரிடமும் சொல்லக் கூடாது என்று பாங்கி எச்சரிக்கும் எண் அல்லவா அது? பத்து வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவர், தன் காரியத்தைத் தானே செய்ய முடியாமல் நிற்கிறார். குறை அவர் கண்ணில் இல்லை. இணையதளத்தைச் செய்தவரின் கவனத்தில் இருக்கிறது.

காதும் கையும்

கண் தெரியாதவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று நினைக்காதீர்கள்.

காது கேளாதவரை எடுத்துக்கொள்ளுங்கள். "சிறப்பு வசதி உள்ள அறைக்கு, டெலிபோனில் பேசவும்" என்று இணையதளத்தில் போட்டிருக்கும். அவர் எப்படிப் பேசுவார்? மற்றவர்கள் நள்ளிரவில் கூட இணையதளத்தில் அறை எடுக்கலாம். அவர் மட்டும் துணைக்கு ஆள் தேட வேண்டும். ஓட்டலைப் பற்றிய சினிமாப் படம் ஓடும். அதில் பேசுவதை எழுத்தில் காட்ட மாட்டார்கள்.

கை நடுங்குகிறவருக்கு வேறு கஷ்டம். சின்னஞ்சிறு பட்டனில் விரல் நிற்காது. அவர் மெதுவாக எழுதி முடிப்பதற்குள் "நேரம் முடிந்துவிட்டது. மறுபடி முதலில் இருந்து தொடங்கவும்" என்று வந்துவிடும்.

சிலருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். காலி அறைக்குப் பச்சை, நிரம்பிய அறைக்குச் சிவப்பு என்று நிறத்தை மட்டும் காட்டினால் அவர் என்ன செய்வார்? பக்கத்தில் "காலி", "நிரம்பியது" என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

நம் வீட்டுத் தாத்தா பாட்டியும் இந்தக் கணக்கில் உண்டு. வெள்ளைத் திரையில் வெளிறிய சாம்பல் எழுத்து. கண்ணாடி போட்டாலும் தெரியாது. எழுத்தின் நிறத்துக்கும் பின்னால் உள்ள நிறத்துக்கும் குறைந்தது நாலரைக்கு ஒன்று என்ற அளவில் வேறுபாடு வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு.

இந்தக் கணக்குகளை எல்லாம் வகுத்திருப்பது "டபிள்யூ3சி" என்ற உலக அமைப்பு. முதல் விதிமுறைகள் 1999-ல் வந்தன. 2023 அக்டோபரில் அவை மேலும் திருத்தப்பட்டன. அவற்றின் சாரம் நாலே வாக்கியம்தான். இணையதளத்தில் உள்ளது எல்லோருக்கும் எட்ட வேண்டும். எல்லோரும் அதை இயக்க முடிய வேண்டும். எல்லோருக்கும் புரிய வேண்டும். எந்தக் கருவியிலும் அது வேலை செய்ய வேண்டும்.

இரண்டு அங்குலம்

சக்கர நாற்காலியில் செல்பவருக்கு இணையதளத்தைப் பார்ப்பதில் சிரமம் இல்லாமல் இருக்கலாம். அவருக்கு வேண்டியது வேறு. உண்மையான தகவல்!

"மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி உண்டு" என்று ஒரு வரி போட்டிருக்கும். அதை நம்பி இரவு 10 மணிக்குப் போய்ச் சேருகிறார். வாசலில் சாய்வுப் பாதை இருக்கிறது. லிப்ட் இருக்கிறது. அறைக் கதவும் அகலமாக இருக்கிறது. ஆனால் குளியல் அறைக் கதவு? இரண்டு அங்குலம் குறைவு! நாற்காலி நுழையாது. அந்த நேரத்தில், தெரியாத ஊரில், அவர் எங்கே போவார்?

ஆகவே, "வசதி உண்டு" என்று சொன்னால் போதாது. என்ன வசதி என்று சொல்ல வேண்டும். வாசலில் படி எத்தனை? கதவு எத்தனை அங்குலம்? கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? குளிக்கும் இடத்துக்கு நாற்காலியோடு போகலாமா? கட்டில் எவ்வளவு உயரம்? யாராவது கதவைத் தட்டினால், காது கேளாதவருக்குத் தெரியும்படி விளக்கு எரியுமா? தீ விபத்து என்றால் விளக்கு மின்னுமா?

அமெரிக்காவில் கதவு குறைந்தது 32 அங்குலம் திறக்க வேண்டும் என்று அளவு வகுத்திருக்கிறார்கள். ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனால், அரை மணி நேரத்தில் ஓர் அறையை அளந்து எழுதிவிடலாம். இதற்கு என்ஜினீயர் கூட வேண்டாம்!

அமெரிக்கா காட்டிய வழி

இந்த விஷயத்தில் ஓட்டல்களுக்கு என்றே தனி விதி செய்த நாடு அமெரிக்கா.

1990-ம் ஆண்டு ஜூலை 26-ந்தேதி, மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஜனாதிபதி புஷ் கையெழுத்துப் போட்டார். கடை, ஓட்டல், தியேட்டர் எல்லாவற்றிலும் அவர்களுக்குச் சம இடம் கொடுக்க வேண்டும் என்றது சட்டம். ஆனால் இணையதளம் அப்போது மக்களிடம் வரவில்லை. சட்டத்தில் அந்தச் சொல்லே இல்லை!

2004 ஆகஸ்டில் ஒரு திருப்பம். ராமடா ஓட்டலின் இணையதளத்தையும், ஓட்டல் அறை எடுத்துத் தரும் பிரைஸ்லைன் இணையதளத்தையும் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் விசாரித்தார். கண் தெரியாதவர்கள் அவற்றை உபயோகிக்க முடியவில்லை என்பது குற்றச்சாட்டு. இரண்டு நிறுவனங்களும் இணையதளத்தைத் திருத்த ஒப்புக்கொண்டன. விசாரணைச் செலவாக ராமடா 40 ஆயிரம் டாலரும், பிரைஸ்லைன் 37 ஆயிரத்து 500 டாலரும் கட்டின.

2010 நவம்பரில் ஹில்டன் ஓட்டல் நிறுவனம் அமெரிக்க அரசாங்கத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. சுமார் 900 ஓட்டல்களில் வசதிகளைச் சீர்படுத்துவதோடு, அறை எடுக்கும் முறையையும் இணையதளத்தையும் சரி செய்ய வேண்டும் என்பது நிபந்தனை.

பிறகு 2012 மார்ச் 15-ந்தேதி முதல் புதிய விதி அமலுக்கு வந்தது. அது சொல்வது இதுதான்:

மற்றவர்கள் எந்த நேரத்தில், எந்த முறையில் அறை எடுக்கிறார்களோ, அதே நேரத்தில், அதே முறையில் மாற்றுத்திறனாளிகளும் அறை எடுக்க முடிய வேண்டும்.

அறையில் உள்ள வசதிகளை, "இது எனக்குச் சரிப்படுமா?" என்று அவர்களே முடிவு செய்யும் அளவுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

அவர்களுக்கு ஏற்ற அறையை, அதே வகையில் மற்ற அறைகள் எல்லாம் நிரம்பும் வரை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது.

ஒருவர் அந்த அறையை எடுத்துவிட்டால், அதே அறையை அவருக்கே ஒதுக்கி வைக்க வேண்டும். "உங்கள் அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். வேறு அறை தருகிறோம்" என்று சொல்லக் கூடாது. மற்றவர்களுக்கு வேறு அறை என்பது சிறு ஏமாற்றம். சக்கர நாற்காலியில் வந்தவருக்கு அது தெருவில் நிற்பது!

வழக்கு மேல் வழக்கு

ஓட்டல்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதையும் சொல்ல வேண்டும்.

புளோரிடா மாநிலத்தில் சக்கர நாற்காலியில் செல்லும் ஒரு பெண்மணி, நூற்றுக்கணக்கான ஓட்டல்கள் மீது வழக்குப் போட்டார். அங்கே எல்லாம் அவர் தங்கப் போகவில்லை. இணையதளத்தைப் பார்த்தார், வசதி பற்றிய தகவல் இல்லை, வழக்குப் போட்டார். "இது அக்கிரமம்! வக்கீல் செலவுக்கே எங்கள் லாபம் போய்விடுகிறது" என்று சிறிய ஓட்டல்காரர்கள் புலம்பினார்கள். "யாராவது கேட்டால்தானே சட்டம் நடக்கும்?" என்று மாற்றுத்திறனாளிகள் பக்கத்தில் பதில் வந்தது.

மெய்ன் மாநிலத்தில் ஒரு சிறிய விடுதி மீது அவர் போட்ட வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. அதற்குள் அந்தப் பெண்மணி வழக்கைக் கைவிட்டுவிட்டார். தங்கப் போகாதவர் வழக்குப் போடலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே, 2023 டிசம்பர் 5-ந்தேதி கோர்ட்டு வழக்கை முடித்துவிட்டது. ஆனால் விதி அப்படியே இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வழக்கு வந்த பிறகு அந்த விடுதி, "சட்டம் சொல்லும் வசதிகள் எங்களிடம் இல்லை" என்று தன் இணையதளத்தில் எழுதிவிட்டது. "இல்லை" என்று சொல்வதும் ஓர் உதவிதான்! நம்பி வந்து ஏமாறுவதைவிட, வீட்டிலேயே தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

ஐரோப்பாவிலும் இப்போது இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. பொதுமக்களுக்கு இணையம் வழியே வியாபாரம் செய்பவர்கள், தங்கள் இணையதளத்தை எல்லோரும் உபயோகிக்கும்படி அமைக்க வேண்டும். 2025 ஜூன் 28-ந்தேதி முதல் அது அமலில் இருக்கிறது. மிகச் சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

நம் நாட்டில்

2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். உலகத்தில் 6 பேருக்கு ஒருவர், அதாவது சுமார் 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க உடல் குறையோ மனக் குறையோ உள்ளவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசாங்கத்தை மட்டும் அல்ல, மக்களுக்குச் சேவை செய்யும் தனியாரையும் கட்டுப்படுத்துகிறது. 2024 நவம்பர் 8-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புக் கூறியது. வசதி விதிகள் வெறும் யோசனைகளாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று அதில் உத்தரவிட்டது.

அடுத்த தீர்ப்பு இன்னும் முக்கியமானது. திராவக வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்கள் தொடர்ந்த வழக்கு அது. பாங்கிக் கணக்குத் தொடங்கப் போனால், "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்றதாம் செல்போன். சிமிட்டக் கண் இமை இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? வழக்கை நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் இருவரும் விசாரித்தார்கள். இவர்களில் மகாதேவன் நம் சென்னை ஐகோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர். 2025 ஏப்ரல் 30-ந்தேதி தீர்ப்பு வந்தது. இணைய வசதிகளை உபயோகிக்கும் உரிமை, உயிர் வாழும் உரிமையில் அடங்கியது என்று அவர்கள் கூறினார்கள்!

ஓட்டல்காரர்களுக்கு 8 யோசனைகள்

1. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விளக்கம் எழுதி வையுங்கள்.

2. மவுஸ் இல்லாமல், பொத்தான் பலகை கொண்டே அறை எடுக்க முடியும்படி செய்யுங்கள்.

3. ஒவ்வொரு கட்டத்துக்கும் "பெயர்", "தேதி" என்று பெயர் கொடுங்கள். தப்பு நேர்ந்தால் என்ன தப்பு என்று எழுத்தில் சொல்லுங்கள்.

4. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். எழுத்து பளிச்சென்று இருக்கட்டும். இரு மடங்கு பெரிதாக்கினாலும் பக்கம் சிதறக் கூடாது.

5. கோணல் எழுத்துச் சோதனையை எடுத்துவிடுங்கள். நேரக் கெடு வைத்தால், கூடுதல் நேரம் கேட்க வழி வையுங்கள்.

6. பேசும் படங்களுக்கு அடியில் எழுத்துப் போடுங்கள்.

7. கதவு, படி, கழிப்பறை இவற்றை அளந்து, உண்மையை எழுதுங்கள். படமும் போடுங்கள்.

8. எல்லாம் முடிந்ததும், மாற்றுத்திறனாளிகள் சிலரை அழைத்து, கூலி கொடுத்து, சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களைவிடச் சிறந்த பரீட்சைக்காரர் யார்?

ஓர் எச்சரிக்கை. "இந்த ஒரு மென்பொருளைச் சேர்த்தால் போதும். உங்கள் இணையதளம் தானாகச் சரியாகிவிடும்" என்று விளம்பரம் வரும். மயங்காதீர்கள். அமெரிக்காவில் இப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் 2025-ல் உத்தரவிட்டது. சர்வரோக நிவாரணி எங்கும் கிடையாது!

புதிதாக இணையதளம் அமைக்கும்போதே இதை எல்லாம் கவனித்தால் செலவு குறைவு. வீடு கட்டும்போதே சாய்வுப் பாதை வைப்பது சுலபம். கட்டி முடித்த பிறகு இடித்து வைப்பதுதான் கஷ்டம்.

நீங்களே சோதியுங்கள்

வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதா? மவுசைத் தள்ளி வையுங்கள். "டேப்" என்ற பொத்தானை மட்டும் அழுத்தி, ஓர் ஓட்டலின் இணையதளத்தில் தேதியைக் குறிக்க முடிகிறதா, பாருங்கள். செல்போன் மட்டும் இருந்தால், விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேசும் வசதியைப் போடுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். "படம்... படம்... பட்டன்..." என்று கேட்டால், வாசற்படி எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்த ஆசிரியரை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டல்காரர் இணையதளத்தைத் திருத்திவிட்டார். ஆசிரியர் செல்போனைக் காதருகே வைத்துக் கேட்கிறார். அறையைப் பற்றித் தெரிந்துகொள்கிறார். தேதியைக் குறிக்கிறார். பணத்தைத் தானே கட்டுகிறார். "உங்கள் அறை உறுதி செய்யப்பட்டது" என்கிறது செல்போன். பக்கத்து வீட்டுப் பையன் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கிறான். அவனை யாரும் கூப்பிடவில்லை!

விருந்தாளியை வாசலில் நிற்க வைப்பது நம் வழக்கம் அல்ல. இணையதளமும் ஒரு வாசல்தான். வருகிறவர் நடந்து வந்தாலும், உருண்டு வந்தாலும், தடவி வந்தாலும் அது திறக்க வேண்டும்.